வரைபடக் கணிப்பானும் நாமும்

உயர்நிலை நான்கில் பயிலும் நம்மிற் பலர் அடுத்த ஆண்டு தொடக்கக் கல்லூரிகளில் அடியெடுத்து வைக்க இருக்கிறோம். புதிய சீருடை, புதிய தோழியர், புதிய பாடங்கள் என்று மனம் இப்பொழுதே கனாக் காணத் தொடங்கிவிட்டது. அங்கே சென்ற முதற் சில நாள்களிலேயே நம் கையில் ஒரு தாள் கொடுக்கப்படும் என்று சென்ற ஆண்டு இப்பள்ளியை விட்டுச் சென்ற அக்காமார் சொல்கிறார்கள். தாளின் மேற்பகுதியில் 'மாணவர் சலுகை விலை' என்று தடித்த எழுத்தில் இருக்குமாம். கீழே வரைபடக் கணிப்பான் ஒன்றின் படம். அதற்கும் கீழே பெற்றோர் கையொப்பமிட ஒரு கோடு. பணம் செலுத்த வேண்டிய கடைசி நாளும் குறித்திருக்கும். அது பெரும்பாலும் ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப் போவதில்லையாம்.

அத்தாளைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம். ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று கேட்கும் தோழியர் உண்டு. தாய்மொழிப் பற்று, நேரத்தின் அருமை, சுற்றுப்புறத் தூய்மை முதலிய பொருள்களில் இம்மலரில் நல்ல கட்டுரைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை எழுத வேண்டியவர்கள் எழுதட்டும். ஒரு கணிப்பானின் விலை சிறிய செய்தியாகத் தோன்றலாம். அதைக் கொடுக்க இயலாத வீட்டில் அது சிறிய செய்தி அன்று.

முதலில் இக்கருவி என்ன செய்கிறது என்பதைத் தங்கையருக்காகச் சொல்லிவிடுகிறோம். இப்பொழுது நம் பையில் இருக்கும் விஞ்ஞானக் கணிப்பான் ஒரு கணக்கைக் கொடுத்தால் ஓர் எண்ணை விடையாகத் தரும். வரைபடக் கணிப்பானோ ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் தன் திரையிலேயே வரைந்து காட்டும். அக்கோடு அச்சை எங்கே வெட்டுகிறது, எங்கே உச்சியை எட்டுகிறது, இரு கோடுகள் எங்கே சந்திக்கின்றன, வளைவின் கீழுள்ள பரப்பு எவ்வளவு என்பவற்றையும் கூறும். 1985ஆம் ஆண்டில் ஜப்பானின் கேசியோ நிறுவனம் எஃப்.எக்ஸ்.-7000ஜி என்னும் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தது. வரைபடம் போடும் கைக்கணிப்பான் விற்பனைக்கு வந்தது அதுவே முதன்முறை. 1990இல் அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.ஐ.-81 என்ற கருவியுடன் இத்துறையில் இறங்கியது. 2004இல் அந்நிறுவனமே டி.ஐ.-84 பிளஸ் என்பதை வெளியிட்டது. நம் அக்காமாரில் பலர் கையில் இருப்பது அதன் வழிவந்த கருவிதான்.

நம் நாட்டில் 2006இல் தொடக்கக் கல்லூரிப் பாடத்திட்டம் திருத்தியமைக்கப்பட்டது. எச்1, எச்2 என்று நாம் இன்று சொல்லும் நிலைகள் அப்பொழுது வந்தவையே. அத்திட்டத்தின்படி 2007இல் மேல்நிலைத் தேர்வு எழுதியவர்கள் தொடங்கி இன்றுவரை, கணிதத் தாள்கள் 'மாணவரிடம் வரைபடக் கணிப்பான் இருக்கிறது' என்ற எண்ணத்துடனேயே அமைக்கப்படுகின்றன. வினாவில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கருவி தந்த விடையை வழிமுறை இன்றி எழுதவும் இடமுண்டு. அப்படியானால் கருவி இல்லாத மாணவியின் நிலை என்ன? எல்லாரும் பேருந்தில் போகும் பாதையில் அவள் ஒருத்தி மட்டும் நடந்து போய் அதே மணிக்குள் சேர வேண்டும். 'இருந்தால் நல்லது' என்னும் வகையைச் சேர்ந்த பொருள் அன்று இது. இல்லாமல் முடியாது என்னும் வகையைச் சேர்ந்தது.

இங்கே பெரியோர் சிலர் குறுக்கிடக்கூடும். "நாங்கள் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு எத்தனை கணக்குகள் போட்டோம்! இயந்திரம் வந்தபின் பிள்ளைகள் மூளையைப் பயன்படுத்துவதே இல்லை" என்பார்கள். பாட்டிமார் காலத்து நான்கிலக்க அட்டவணைகள் சில நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டவணையிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அது மலிவு, அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து அண்டை வீட்டுப் பெண்ணுக்கு என்று கைமாறிக்கொண்டே இருந்தது. எண்கள் மாறுவதில்லை ஆகையால் அட்டவணை பழையதாவதும் இல்லை. இக்குணம் வரைபடக் கணிப்பானுக்கும் உண்டு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

மூளையைப் பயன்படுத்தாமல் இருக்க இக்கருவி இடந்தருமா என்பதையும் பார்ப்போமே. எக்ஸின் முப்படியிலிருந்து எக்ஸின் 64 மடங்கைக் கழித்து வரும் சார்பை எடுத்துக்கொள்வோம். கருவியைத் திறந்தவுடன் இருக்கும் வழக்கமான அளவில், அதாவது இரு அச்சுகளிலும் -10 முதல் 10 வரை என்ற அளவில், இதை வரையச் சொன்னால் திரையில் தெரிவது என்ன? ஏறக்குறையச் செங்குத்தான மூன்று கோடுகள்! வேலிக்கு நட்ட கம்பிகள் போல அவை நிற்கும். அதைப் பார்த்து அப்படியே விடைத்தாளில் வரைபவள் மதிப்பெண்ணை இழப்பாள். உண்மையில் அவ்வளைகோட்டுக்கு ஒரு மலையும் ஒரு பள்ளமும் உண்டு. அவை ஏறக்குறைய 197 உயரத்திலும் அதே அளவு ஆழத்திலும் இருப்பதால் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. நிலைக்குத்து அச்சை -200 முதல் 200 வரை என்று மாற்றிக் கொடுத்தால்தான் உண்மை உருவம் தெரியவரும். எந்த அளவைக் கொடுக்கவேண்டும் என்று யோசிப்பது நம் வேலை; கருவி அதைச் செய்யாது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம் என்றால், இந்தப் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. வகுப்பு நேரத்தில் மட்டும் ஒரு கருவியை இரவல் தந்து, மணி அடித்ததும் வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. வீட்டில், இரவில், ஒப்படைப்புக் கணக்குகளுக்கு முன் அமர்ந்திருக்கும்போது அது கையில் இருக்கவேண்டும். "கைப்பேசியிலும் கணினியிலும் இலவசமாக வரைபடம் போட வழி இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட டெஸ்மோஸ் அப்படிப்பட்டதே. அதன் படங்கள் நம் கணிப்பானின் படங்களைவிடப் பன்மடங்கு அழகானவை. ஆனால் கைப்பேசியுடன் தேர்வு மண்டபத்திற்குள் போகமுடியாது. தேர்வில் எந்தப் பொத்தான்களை அழுத்த வேண்டுமோ அவற்றையே விரல்கள் பழகியிருக்கவேண்டும்.

இனி விலைக்கு வருவோம். கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் ஆண்டுக்கு ஆண்டு திறன் கூடி விலை குறைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வரைபடக் கணிப்பானின் கதை அப்படி இல்லை. டி.ஐ.-84 பிளஸ் கருவியின் உள்ளே இருப்பது இசட்80 என்னும் செயலியின் வகையைச் சேர்ந்தது. அந்தச் செயலி முதலில் வெளிவந்தது 1976இல்! திரையில் குறுக்கே 96 புள்ளிகள், நெடுக்கே 64 புள்ளிகள்; பெருக்கிப் பார்த்தால் 6,144. நம் கைப்பேசித் திரையின் ஒரு சிறு மூலையில் அத்தனையும் அடங்கிவிடும். 2015இல் வந்த சி.இ. என்னும் வண்ணத்திரைக் கருவி இதைவிட மேலானது. 320க்கு 240 புள்ளிகள் கொண்டது. எனினும், வெளிவந்து 20 ஆண்டுகள் ஆன பின்னும் பழைய கருவியின் விலை அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேலேயே நின்றது. இங்கும் புதிய கருவி ஒன்றுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்தாக வேண்டும்.

ஏன் இப்படி? தயாரிப்பவரின் பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது முழு விடையன்று. மருத்துவர் மருந்தைக் குறித்துக் கொடுக்கிறார். நோயாளி பணம் கொடுக்கிறார். மருந்தின் விலையை மருத்துவர் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை. எந்த மருந்து வேண்டும் என்று நோயாளி தீர்மானிப்பதில்லை. கணிப்பானும் இப்படித்தான். எது தேர்வில் அனுமதிக்கப்படும் என்று முடிவு செய்பவர் ஒருவர். எதைக் காட்டிப் பாடம் நடத்துவது என்று முடிவு செய்பவர் இன்னொருவர். பணம் கொடுப்பவர் நம் தந்தையோ தாயோ. தேர்வு விதிகளும் கருவியைக் கட்டிப் போடுகின்றன. அது பிறரோடு தொடர்பு கொள்ளக்கூடாது. குறியீடுகளை வைத்தே இயற்கணிதம் செய்துவிடும் சி.ஏ.எஸ். வசதி அதில் இருக்கக்கூடாது. ஆகவே நன்றாக வளரவும் அதற்கு வழியில்லை, மலிவாக மாறவும் அவசியமில்லை. எவரும் தீமை நினைக்கவில்லை. ஆயினும் சுமை ஓரிடத்திலேயே போய் இறங்குகிறது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தானே சலுகை விலை என்று நீங்கள் கேட்கலாம். சலுகை விலையில் நன்மைகள் இருக்கின்றன. கல்லூரி மொத்தமாக வாங்குவதால் சரியான கருவியே வந்து சேரும். பழுதானால் மாற்றித் தருவார்கள். ஆசிரியர் கையில் இருப்பதும் நம் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும். பணம் இருப்பவர்கள் அத்தாளில் தாராளமாகக் கையொப்பமிடலாம்.

ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கருவியின் விலை 160 வெள்ளி என்றும், மாணவர்க்கு நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி என்றும் வைத்துக்கொள்வோம். தள்ளுபடி 16 வெள்ளி. கொடுக்க வேண்டியது 144 வெள்ளி. 160 வெள்ளி கொடுக்க வல்லவளுக்கு 16 வெள்ளி மிச்சமாகிறது. அவள் அதை வைத்துத் தோழியருடன் ஒரு வேளை உணவருந்தலாம். 160 வெள்ளி இல்லாதவளிடம் பெரும்பாலும் 144 வெள்ளியும் இல்லை. அவளுக்கு அந்த 16 வெள்ளியால் கிடைத்தது ஒன்றுமே இல்லை. சலுகை என்ற பெயரில் இருவரையும் சமமாக நடத்தியிருக்கிறோம். உதவி மட்டும் தேவையற்றவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தள்ளுபடியை நூற்றுக்கு இருபது ஆக்கினாலும் இது மாறப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சலுகைக்குக் கடைசி நாள் இருக்கிறதே, அது ஒரு குடும்பத்தை அவசரப்படுத்துகிறது. கல்லூரி திறக்கும் அதே வாரங்களில்தான் புதிய சீருடை வாங்கவேண்டும், பாடநூல்கள் வாங்கவேண்டும். தம்பி தங்கையருக்கும் ஆண்டுத் தொடக்கச் செலவுகள் வந்து நிற்கும். இருந்து விசாரித்து, தெரிந்த அக்கா ஒருவரிடம் பழைய கருவி இருக்கிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் கெடு தீர்ந்துவிடுகிறது. "இப்பொழுது விட்டால் முழு விலை கொடுக்க நேருமே" என்ற அச்சத்தில் கடன் வாங்கியாவது கையொப்பமிட்டு விடுகிறார்கள்.

கையொப்பமிடாதவர்களைப் பற்றி ஓர் அக்கா சொன்னது எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவர் கல்லூரியில் கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள் இருந்தனவாம். 'வாங்குகிறேன்' என்பது ஒன்று. 'என்னிடம் இருக்கிறது' என்பது இன்னொன்று. 'வெளியில் வாங்கிக்கொள்கிறேன்' என்பது மூன்றாவது. மூன்றாவது கட்டத்தில் குறியிட்டவர்களில் சிலர் ஏப்ரல் மாதம் ஆகியும் வாங்கவில்லை. "கொண்டுவர மறந்துவிட்டேன்" என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவளின் திரையை எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மறதிக்காரி என்று பெயர் வாங்குவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 'வாங்க இயலவில்லை' என்ற கட்டம் அத்தாளில் இல்லை. இருந்தால்தான் என்ன? பதினேழு வயதுப் பெண், தோழியர் கண்ணெதிரே, எப்படி அதில் குறியிடுவாள்?

உதவி நிதி கல்லூரிகளில் உண்டு என்பதை நாங்கள் மறந்துவிடவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் 2021 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் கற்றல் சாதனம் வேண்டும் என்று வந்தபோது, அதற்கு எடுசேவ் கணக்கிலிருந்து பணம் செலுத்த வழி செய்தார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் தந்தார்கள். கட்டாயமான ஒரு பொருளை வாங்கச் சொன்னால் அதற்கு வழியும் காட்டவேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. கல்லூரியிலும் ஆசிரியரிடம் போய்ச் சொன்னால் ஏதேனும் ஒரு வழி பிறக்கும். ஆனால் அங்கே சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், பெயர்கூட முழுதாகத் தெரியாத ஓர் ஆசிரியரிடம் சென்று வீட்டு நிலையைச் சொல்லவேண்டுமே! தங்கையரே, உங்களில் யாருக்கேனும் அந்நிலை வந்தால், சொல்லுங்கள்; கூச்சப்படாதீர்கள். இப்படி எழுதுவது எங்களுக்கு எளிது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகையால் கேட்காமலே கிடைக்கும் வழி ஒன்று வேண்டும் என்கிறோம்.

அவ்வழி பழைய கருவியில் இருக்கிறது. மேல்நிலைத் தேர்வுக்கு முன் கணிப்பானின் நினைவகத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நால்வர் கை மாறி வந்த கருவியும் அன்றைக்குக் கடையிலிருந்து வந்த கருவியும் தேர்வு மேசையில் ஒன்றே. மடக்கை அட்டவணையின் குணம் என்று முன்னர்ச் சொன்னோமே, அது இதுதான். கேரோசல் செயலியிலும், நண்பர் வழியாகவும் பழைய கணிப்பான்கள் கைமாறுகின்றன. பாடநூலுக்குப் பிராஸ் பாசா காம்ப்ளெக்சின் பழைய புத்தகக் கடைகளை நாடுவதில் நாம் வெட்கப்படுவதில்லை. கணிப்பானுக்கு மட்டும் ஏன் புதுமை வேண்டும்?

பழையதை வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் வெளியிடும் அனுமதிப் பட்டியலில் அக்கருவியின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். டி.ஐ.-என்ஸ்பயர் சி.எக்ஸ். என்று ஒரு கருவி இருக்கிறது; டி.ஐ.-என்ஸ்பயர் சி.எக்ஸ். சி.ஏ.எஸ். என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு அக்காள் தங்கை போலிருக்கும். பின்னதை மேல்நிலைத் தேர்வுக்குள் கொண்டுபோக முடியாது. அடுத்து, பேட்டரி வைக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். பழைய டி.ஐ.-84 பிளஸ் கருவிக்கு டிரிபிள்-ஏ பேட்டரி நான்கும், நினைவகத்தைக் காக்கப் பொத்தான் போன்ற சிறு பேட்டரி ஒன்றும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் மேசையறைக்குள் கிடந்த கருவியில் பேட்டரி கசிந்து, உலோகத் தகடுகளில் வெண்ணிறப் பொடி படிந்திருக்கக்கூடும். திரையில் ஏதேனும் ஒரு வரிசை தெரியாமல் போயிருக்கலாம். முழுத்திரையும் கறுக்கும்படி செய்து பார்த்தால் அது புலப்படும். எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேரப்போகும் கல்லூரியில் எந்தக் கருவியைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள் என்று அங்குப் படிக்கும் அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேசியோவும் டி.ஐ.யும் ஒரே கணக்கைத்தான் செய்கின்றன. ஆனால் பொத்தான்களின் வரிசை வேறு. ஆசிரியர் ஒன்றை அழுத்தச் சொல்ல நாம் இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தால் பாதிப் பாடம் போய்விடும்.

ஆயினும் தனித்தனியே ஒவ்வொருத்தியும் தேடி அலைவதைவிட, நம் பள்ளியே ஏன் இதைச் செய்யக்கூடாது? எங்கள் எண்ணம் இதுதான். நூலகத்தில் ஓர் அலமாரி. நம் பள்ளியில் பயின்று, தொடக்கக் கல்லூரி முடித்த அக்காமார் தம் கணிப்பானை அதில் கொண்டுவந்து வைக்கவேண்டும். அங்கே போகும் தங்கை ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போய், மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைக்கவேண்டும். நாள்கணக்கும் இதற்கு ஒத்து வருகிறது. மேல்நிலைத் தேர்வு டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது; அன்றோடு பெரும்பாலான கருவிகளுக்கு வேலை முடிகிறது. புதியவர்கள் கல்லூரியில் சேர்வது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில். ஓய்வெடுக்க ஒரு மாதம் கொடுத்தாலும் கருவி நேரத்துக்கு வந்து சேரும்.

கல்லூரியே செய்யலாமே, உயர்நிலைப் பள்ளி எதற்கு என்று ஒரு தோழி கேட்டாள். செய்யட்டும், நல்லதே. ஆனால் நம்மவர் பல கல்லூரிகளுக்குச் சிதறிப் போகிறார்கள். போன இடத்தில் எல்லாரும் அந்நியர். இங்கேயோ நான்கு ஆண்டுகள், சிலர் தொடக்கப்பள்ளியையும் சேர்த்துப் பத்து ஆண்டுகள், இருந்திருக்கிறோம். நூலகத்தில் இருப்பவர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பார். புத்தகம் எடுக்கும் கையெழுத்துப் பதிவேட்டிலேயே இதையும் எழுதிவிட்டுப் போகலாம். கேட்பதற்குக் கடினமான ஒன்றைத் தெரிந்த வீட்டில் கேட்பது சற்று எளிது.

இதில் இரண்டு செய்திகளில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஒன்று, அலமாரி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் கொண்டுவா, தந்தையின் தொழில் என்ன என்ற கேள்விகள் கூடாது. அவை வந்துவிட்டால் அந்த மூன்று கட்டத் தாள் மறுபடியும் வந்துவிட்டது என்றே பொருள். வசதியுள்ளவர்களும் எடுத்துக்கொண்டால் தேவையானவர்களுக்கு மிஞ்சாதே என்று எங்கள் வகுப்பிலேயே வாதம் நடந்தது. நடக்கக்கூடியதுதான். ஆனால் வசதியுள்ளவர்களில் பலர் புதியதைத்தான் விரும்புவார்கள் என்பது நம் பென்சில் பெட்டிகளைப் பார்த்தாலே தெரியும்! மேலும், எல்லாரும் எடுக்கும் இடமாக இருந்தால்தான் தேவையானவளும் தலை நிமிர்ந்து வந்து எடுப்பாள். ஓரிரு கருவிகள் குறைந்தாலும் அதற்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மற்றொன்று, முன்பணம் கேட்கக்கூடாது. தொலைந்துவிட்டால் என்ன செய்வது, ஐம்பது வெள்ளியாவது வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கருவி நமக்கு இலவசமாக வந்தது. தொலைந்தால் ஒரு பழைய கணிப்பான் தொலைந்தது, அவ்வளவே. பத்தில் இரண்டு தொலையட்டும், எட்டு இருக்கிறதே! ஐம்பது வெள்ளி கேட்டால் வரவேண்டியவள் வரமாட்டாள். பிறகு பத்தும் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கும்.

இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இக்கருவி வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 2023இல் வெளிநாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறிவிட்டது. டெஸ்மோஸ் கணிப்பான் தேர்வுத் திரையிலேயே இருக்கிறது. சொந்தக் கருவி இல்லாதவளுக்கும் வரைபடம் கிடைக்கிறது. இங்கே மேல்நிலைக் கணிதத் தாள்கள் பேனாவையும் கைக்கருவியையும் கொண்டே எழுதப்படுகின்றன. நமக்கும் அம்மாற்றம் வருமானால் புதிதாய் வாங்கிய கருவிகளெல்லாம் ஒரே நாளில் மேசையறைக்குள் போய்விடும். இருக்கும் கருவிகளையே சுற்றவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னாள் மாணவியர் சங்கத்தாரிடம் இதைப் பற்றிப் பேசினோம். அலமாரி ஒன்று ஒதுக்கித்தர நூலகத்தில் இசைந்திருக்கிறார்கள். அக்காமார் மூவர் இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் தம் கருவிகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று என்பது குறைவுதான். வீட்டில் எங்கோ ஒரு பெட்டியில் போட்டு வைத்து மறந்துவிட்டவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். இம்மலர் அவர்கள் வீட்டிற்கும் போகும் என்பதால் இங்கேயே கேட்டுக்கொள்கிறோம். கொண்டுவரும்போது பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். எந்தக் கல்லூரியில் பயன்படுத்தியது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். எடுப்பவள் தன் கல்லூரிக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்வாள். இணைப்புக் கம்பி இருந்தால் அதையும் சேர்த்துத் தாருங்கள். உங்கள் பெயரை எழுத வேண்டியதில்லை.